வாடிப்பட்டி வீட்டுக் குழு: கையெழுத்துப் போடலாமா?

காலை 10.40

பாண்டி: அப்பாவை மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்திருக்கிறேன். கதிரடிக்கும்போது வலது கண்ணில் உமி பட்டதல்லவா, அது கருவிழியில் புண்ணாகிவிட்டது. சுரண்டி எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தேய்த்துப் பார்த்தார்கள். பூஞ்சையாம். நுண்ணோக்கியில் எனக்கும் காட்டினார்கள், கிளை விட்ட நூல்போல் நெளிந்து கிடக்கிறது.

செல்வி: முருகா! அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டேன், கண்ணில் தாய்ப்பால் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள் என்று. யார் கேட்டீர்கள்?

பாண்டி: தாய்ப்பாலோடு நிற்கவில்லை அத்தை. மருந்துக்கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்தும் விட்டோம். முதலில் சிவப்பு குறைந்தது. அப்புறம்தான் வலி மண்டையைப் பிளக்கத் தொடங்கியது.

கவிதா: அந்தச் சீசாவைப் படம் எடுத்து அனுப்பு பாண்டி.

பாண்டி: (படம்)

கவிதா: நினைத்தேன், ஸ்டீராய்டு. பூஞ்சைப் புண்ணில் அது சிவப்பை மட்டும் அடக்கிவிட்டு, உள்ளே பூஞ்சை பரவ வழி விட்டுவிடும். டாக்டரிடம் காட்டினாயா?

பாண்டி: காட்டினேன் மதினி. அவரும் இதையேதான் சொன்னார். இப்போது கேள்வி வேறு. இங்கே ஒரு மருத்துவ ஆய்வு நடக்கிறதாம், அப்பா சேர விருப்பமா என்று கேட்கிறார்கள். வழக்கமான சொட்டு மருந்து எல்லோருக்கும் உண்டு. அதோடு இன்னொரு சீசா தருவார்கள். பாதிப் பேருடைய சீசாவில் கூடுதல் மருந்து, மீதிப் பேருடையதில் மருந்தே இல்லாத வெறும் சொட்டு. யாருக்கு எது என்று சொல்ல மாட்டார்களாம். கையில் ஒரு கத்தைப் படிவம் இருக்கிறது. சிகிச்சையை இன்றே தொடங்க வேண்டும் என்பதால் மதியத்துக்குள் சொன்னால் நல்லது என்கிறார்கள்.

முருகேசன்: வேண்டாம். எழுந்து வந்துவிடு.

முருகேசன்: என் அண்ணன் சோதனை எலி இல்லை.

முருகேசன்: (பலமுறை பகிரப்பட்ட செய்தி) உஷார்! உஷார்! ஆஸ்பத்திரியில் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறீர்களா? உங்கள் உடலுக்கு விலை பேசியாகிவிட்டது! பத்துப் பேருக்கு அனுப்புங்கள்!

பாலா: அப்பா, அது சிறுநீரகத் திருட்டைப் பற்றிய செய்தி. பெரியப்பாவுக்குக் கண்.

முருகேசன்: இரண்டும் உடம்பில்தான் இருக்கின்றன. நீ போய்ப் படி.

கவிதா: சின்ன மாமா, நான் சம்பளம் வாங்குவதே இந்த வேலைக்குத்தான். காச நோய் ஆய்வில் செவிலியர். நீங்கள் திட்டுவது என்னையும் சேர்த்துத்தான்.

முருகேசன்: உன்னைச் சொல்லவில்லை மருமகளே. ஆனால் ஆந்திராவில் விடுதிப் பெண் பிள்ளைகளுக்கு ஊசி போட்டது நடக்கவில்லையா? பேப்பரில் வந்ததா இல்லையா?

கவிதா: நடந்தது. கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு, ஆந்திராவிலும் குஜராத்திலும். 2010-இல் அரசே நிறுத்தியது. பிள்ளைகள் ஏழு பேர் இறந்தார்கள். இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றுதான் விசாரணைக் குழு சொன்னது. ஆனால் பெற்றோர் போட வேண்டிய கையெழுத்தை விடுதிக் காப்பாளர்கள் போட்டிருந்தார்கள். 2013-இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

முருகேசன்: பார்த்தாயா பாண்டி?

கவிதா: அதனால்தான் படிவத்தைப் படிக்கச் சொல்கிறேன். பாண்டி, நான் கேட்பதற்கு மட்டும் பதில் போடு. ஒன்று, சேர மறுத்தாலும் சிகிச்சை குறையாது என்று எழுதியிருக்கிறதா?

பாண்டி: இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றும் இருக்கிறது.

கவிதா: ஆய்வினால் கெடுதல் வந்தால்?

பாண்டி: இலவச சிகிச்சை, இழப்பீடு என்று ஒரு பத்தி. கீழே நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண். பதிவு எண் என்று நீளமாக ஒன்று.

கவிதா: அது மருத்துவ ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேட்டு எண். 2009 ஜூனிலிருந்து ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தாக வேண்டும். எத்தனை பேரைச் சேர்ப்பார்கள், எதை அளப்பார்கள் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவதால், முடிவு கசப்பாக வந்தால் பேச்சை மாற்ற முடியாது. பாலா, அந்த எண்ணைப் போட்டுத் தேடிப் பார்.

பாலா: கிடைத்துவிட்டது மதினி. ஆஸ்பத்திரி பெயர், டாக்டர் பெயர் எல்லாம் சரியாக இருக்கின்றன.

செல்வி: அண்ணன் என்ன சொல்கிறார்? கண் அவருடையது. நாம் பஞ்சாயத்து நடத்திக்கொண்டிருக்கிறோம்.

காலை 11.25

பாண்டி: அப்பா சொல்லச் சொல்ல அப்படியே எழுதுகிறேன். "எந்த மருந்து என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது என்கிறார்கள். மருந்து தெரியாத டாக்டர் எதற்கு? அதற்கு நம் ஊர்ப் பூசாரியே போதும், திருநீறாவது தருவார்."

பாலா: 😂

கவிதா: பெரிய மாமா, உங்களுக்குப் புது மருந்து என்று தெரிந்தால், பலகையில் எழுத்தைப் படிக்கச் சொல்லும்போது கொஞ்சம் முக்கி ஓர் எழுத்து கூடுதலாகப் படிப்பீர்கள். டாக்டருக்குத் தெரிந்தால் அவரும் "நன்றாகப் பாருங்கள், இன்னும் ஒன்று" என்று தூண்டுவார். வேண்டுமென்று செய்வதில்லை, மனசு அப்படி. இருவருக்கும் தெரியாவிட்டால்தான் மருந்தின் வேலை தனியாகத் தெரியும். அவசரம் என்றால் எந்தச் சீசா என்பதை உடனே திறந்து பார்க்கவும் ஏற்பாடு உண்டு.

பாண்டி: அப்பா "ம்" என்கிறார்.

முருகேசன்: என் கேள்வி ஒன்றே ஒன்று. புது மருந்து நல்லது என்றால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டியதுதானே? பாதிப் பேருக்கு வெறும் தண்ணீரை விடுவது என்ன நியாயம்?

கவிதா: நல்லதா என்றே தெரியாது மாமா. தெரிந்தால் ஆய்வு நடத்தக் கூடாது. இதே பூஞ்சைப் புண்ணுக்கு, இதே மதுரையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நேட்டமைசின் என்பது பழைய சொட்டு மருந்து. வோரிகோனசோல் பிறகு வந்தது. புதியதுதான் மேல் என்று நம்பிய கண் டாக்டர்கள் உலகம் முழுக்க ஏராளம். அரவிந்த் கண் மருத்துவமனைகளில், அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து, 323 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். 2013-இல் முடிவு வெளியானது. ஜெயித்தது பழைய மருந்து. மூன்று மாதம் கழித்துப் பார்வை அதில்தான் மேல். கருவிழியில் துளை விழுவதும், மாற்றுக் கருவிழி வைக்க வேண்டிய நிலை வருவதும் அதில்தான் குறைவு. ஃபியூசேரியம் என்ற பூஞ்சையில் இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

முருகேசன்: அப்படியென்றால் புது மருந்து விழுந்தவர்கள் கதி?

கவிதா: சிலருக்குக் கண் மோசமானது. பூசி மெழுக மாட்டேன். ஆனால் ஒன்றை யோசியுங்கள். ஆய்வுக்கு வெளியேயும் அதே மருந்தை நல்லது என்று நம்பி எழுதிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அங்கே எத்தனை கண் போனது என்று எண்ண ஆளில்லை. ஆய்வுக்குள் ஒவ்வொரு கண்ணையும் எண்ணினார்கள். நடுவிலேயே கணக்கை எடுத்துப் பார்த்து நிறுத்தச் சொல்லத் தனிக் குழுவும் உண்டு.

முருகேசன் ஏதோ எழுதி அழித்துவிட்டார்.

செல்வி: இந்தப் புண் நம் பக்கம் இவ்வளவு சாதாரணமா? எங்கள் தெருவிலேயே ஒருவருக்குக் கரும்புச் சோகை கிழித்து ஒரு கண் போய்விட்டது.

கவிதா: 1993-இல் மதுரை மாவட்டத்தில் எடுத்த கணக்கில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண். அமெரிக்காவில் ஒரு பகுதியில் எடுத்த கணக்கைப்போலப் பத்து மடங்கு. வயல், உமி, சோகை, தூசி. நோய் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பதிலும் கிடைக்கும் அம்மா. குளிர் நாட்டில் உட்கார்ந்துகொண்டு வாடிப்பட்டிக் கண்ணுக்கு மருந்து சொல்ல முடியாது.

செல்வி: நம் தாத்தாவுக்குச் சளியில் ரத்தம் வந்தபோது காச நோய்க்காரர்களைத் தங்க வைக்கும் ஆஸ்டின்பட்டி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று ஊரே சொன்னது. வீட்டோடு வைத்திருந்தால் குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்குக்கூட வரவில்லை. ஆஸ்பத்திரியில் மாத்திரை மட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏழை என்பதால் கழித்துக்கட்டுகிறார்கள் என்று அப்பத்தா அழுதது எனக்கு நினைவிருக்கிறது.

கவிதா: கழித்துக்கட்டவில்லை அம்மா. அதற்கும் ஓர் ஆய்வுதான் காரணம், அதுவும் நம் சென்னையில். 1956-இல் தொடங்கினார்கள். காச நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பாதிப் பேரைச் சானடோரியம் என்ற காச நோய் ஆஸ்பத்திரியில் வைத்தார்கள், நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. மீதிப் பேர் நெரிசலான சொந்த வீட்டில், அதே மாத்திரையோடு. ஓராண்டு கழித்துப் பார்த்தால் குணமானதில் பெரிய வித்தியாசமே இல்லை. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்துக்குக் கூடுதலாக ஒட்டவும் இல்லை. 1959-இல் அது வெளியான பிறகுதான் வீட்டிலேயே மாத்திரை கொடுக்கும் வழக்கம் உலகமெங்கும் பரவியது.

செல்வி: அது தெரியாமல் அப்பத்தா எத்தனை பேருக்குச் சாபம் விட்டது! அப்படியென்றால் சாப்பாடு முக்கியமில்லை என்கிறாயா?

கவிதா: அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியாது. 2023-இல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வில், நோயாளியின் குடும்பத்துக்கு மாதாமாதம் அரிசி பருப்பு கொடுத்தபோது அந்த வீட்டு ஆட்களுக்குப் புதிதாகக் காச நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது.

பாலா: மதினி, பெரியப்பா சேர்ந்தால் எத்தனை முறை வர வேண்டும்?

பாண்டி: முதல் வாரம் அடிக்கடி. அப்புறம் மூன்று வாரம் கழித்து, மூன்று மாதம் கழித்து. பஸ் செலவு தருகிறார்கள். நான் திருப்பூர் திரும்பியாக வேண்டும், அதுதான் யோசனை.

கவிதா: அந்த மூன்றாம் மாதம்தான் உயிர். பாதிப் பேர் "கண் தெளிந்துவிட்டது, எதற்குப் போக வேண்டும்" என்று நின்றுவிடுவார்கள். சிலர் மோசமாகிப்போய் வேறு இடம் தேடிப் போயிருப்பார்கள். வராதவர் இதில் எந்த ரகம் என்று எங்களுக்குத் தெரியாது. வெயிலில் முகவரி தேடி அலைந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும் வேலையை நான் செய்கிறேன், அதனால் சொல்கிறேன். சேர வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

முருகேசன்: நாற்று நடும்போது அண்ணனை மதுரைக்கு இழுத்துக்கொண்டு போவது லேசா?

முருகேசன்: சரி, அழைத்துப் போவது நான். அதற்காக இதற்குச் சம்மதித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பாண்டி: அப்பா சொல்கிறார்: "அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். படிவத்தைக் கொண்டுவரச் சொல். ரேகை மசியை எடுக்கிறார்கள், எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்று சொல்."

மதியம் 1.50

பாண்டி: அப்பாவைச் சேர்க்கவில்லை.

முருகேசன்: என்ன?

பாண்டி: கையெழுத்து வாங்கிய பிறகு மற்ற பரிசோதனைகளைச் செய்தார்கள். இடது கண்ணில் புரை முற்றியிருக்கிறதாம், பலகையில் முதல் எழுத்துக்கூடத் தெரியவில்லை. மற்றக் கண்ணில் பார்வை இல்லாதவர்களை இந்த ஆய்வில் சேர்க்கக் கூடாது என்று விதியாம்.

முருகேசன்: அது எப்படி? காலையிலிருந்து உட்கார வைத்துவிட்டு இப்போது தள்ளிவிடுவதா? என் அண்ணனுக்கு என்ன குறைச்சல்?

பாலா: அப்பா, காலையில் எழுந்து வரச் சொன்னது நீங்கள்தான்.

முருகேசன்: நாமாக எழுந்து வருவது வேறு. அவர்கள் எழுப்பி அனுப்புவது வேறு.

கவிதா: மாமா, இது அவர் நன்மைக்கான விதி. இருப்பது ஒரே கண் என்றால் அதில் சோதனை செய்ய மாட்டார்கள். முன்பு சொன்ன ஆய்விலும் 940 பேரைப் பார்த்து 323 பேரைத்தான் எடுத்தார்கள். பெரிய மாமா கண்ணின் கணக்கு இந்த ஆய்வில் வராது, அவ்வளவுதான். அந்த 323 பேர் வந்துபோனதால்தான் இன்று பெரிய மாமாவுக்கு எந்த மருந்தை முதலில் எழுத வேண்டும் என்று டாக்டருக்குத் தெரிகிறது. எதை எழுதினார்கள் பாண்டி?

பாண்டி: நேட்டமைசின். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒருமுறை. படுக்கை கொடுத்துவிட்டார்கள். புண் ஆறிய பிறகு இடது கண்ணுக்குப் புரை அறுவை செய்யலாமாம்.

செல்வி: இரண்டு கண்ணும் இப்படி இருக்க, இத்தனை நாள் வரப்பில் எப்படி நடந்தார்?

பாண்டி: கேட்டேன் அத்தை. "வரப்பு எனக்குத் தெரியும்" என்கிறார்.

கவிதா: அந்த மருந்து வெள்ளையாக அடியில் படியும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிவிட்டு விட வேண்டும். வேறு சொட்டு மருந்தும் இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் இடைவெளி. கண்ணோரத்தில் வெள்ளைப் பொடி ஒட்டினால் பூளை என்று நினைத்து முந்தானையால் துடைத்துவிடாதீர்கள் அம்மா, சுத்தமான பஞ்சு மட்டும்.

செல்வி: மாலை பஸ்ஸில் திருமங்கலத்திலிருந்து கிளம்புகிறேன். இரவுச் சாப்பாடு கொண்டுவருகிறேன். பாண்டி, உனக்கு இட்லியா சோறா?

பாண்டி: இட்லி போதும் அத்தை.

முருகேசன்: காலையில் ஆறு மணிக்கு நான் வந்து பாண்டியை மாற்றிவிடுகிறேன். மருமகளே, இரவில் தூங்கினால் எழுப்பி மருந்து விட வேண்டுமா, வேண்டாமா?

கவிதா: டாக்டர் விழித்திருக்கும்போது என்றுதானே சொல்லியிருக்கிறார். இருந்தாலும் இரவுப் பணியில் இருக்கும் செவிலியரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள் மாமா. இன்றைய நிலையில் புண் எப்படி என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

முருகேசன்: சரி. கேட்டுவிட்டு இங்கே போடுகிறேன்.