2021 நெக்ஸான் ஈ.வி.: 16 லட்சத்துக்கு வாங்கியதை 5.90-க்குக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

குடமுருட்டிக்காரன், பாபநாசம்:

வணக்கம். பாபநாசத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். 2021 ஜூலையில் டாடா நெக்ஸான் ஈ.வி. மின்காரில் எக்ஸ்.இசட். பிளஸ் ரகம் எடுத்தேன், 30.2 கிலோவாட் மணி, அதாவது 30.2 யூனிட் பிடிக்கும் பேட்டரி. இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 16 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். மின்வண்டிக்குச் சாலை வரி விலக்கு இருந்ததால்தான் அதோடு நின்றது. இன்றைக்கு ஓட்டம் 61,000 கிலோமீட்டர்.

வண்டி மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். வாரத்தில் நான்கு நாள் தஞ்சாவூர் போய்ப் பணம் கட்டிவிட்டு, வரும் வழியில் அய்யம்பேட்டையில் வசூல் பார்த்துவிட்டு வந்து செருகிவிடுவேன். காலையில் முழுதாக ஏறியிருக்கும். பெட்ரோல் பங்க் பக்கம் போவது டயருக்குக் காற்றடிக்க மட்டும்தான்.

பிரச்சினை சென்னை. மகள் அங்கே இருக்கிறாள், ஏழாம் மாதம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. 290 கிலோமீட்டர் தூரம். என் வண்டி ஏ.சி.யோடு 190 ஓடும், அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. போன மாதம் போனபோது, செயலியில் ‘வேலை செய்கிறது’ என்று காட்டிய சார்ஜரை நம்பி இறங்கினால், அதைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். பக்கத்து டீக்கடைக்காரர், “அது ஆயுத பூஜைக்கு முன்னாடியே படுத்துடுச்சு சார்” என்றார். பின்சீட்டில் சீமந்தப் பலகாரத் தூக்கோடு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரம்மா அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டார்: இந்த வண்டியை விற்றாக வேண்டும்.

சரி என்று விசாரித்தால் தலை சுற்றுகிறது. கடைக்கு வந்த தரகர் சுற்றிப் பார்த்துவிட்டு 5.90 என்றார். ஆன்லைன் கம்பெனி ஒன்று கைபேசியில் 6.35 காட்டியது, ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனதும் 5.75 ஆக்கிவிட்டது. இன்சூரன்ஸ் பத்திரத்திலேயே வண்டியின் மதிப்பு 7.60 லட்சம் என்று போட்டிருக்கிறது. என் மைத்துனன் அதே வருஷம் பெட்ரோல் நெக்ஸான் 11.50-க்கு எடுத்தான். அவனுக்கு இப்போது 6.40 தருகிறார்களாம். அவனுக்குப் போனது ஐந்து லட்சம், எனக்குப் போவது பத்து. தீபாவளிக்கு வந்தவன் இதைச் சொல்லிச் சொல்லி இரண்டு முறுக்கு கூடுதலாகத் தின்றான்.

மின்வண்டி என்றாலே அடிமாட்டு விலைதானா? இல்லை, எனக்குத்தான் விற்கத் தெரியவில்லையா?

டி.என். 68, கும்பகோணம்:

சார், நான் கும்பகோணத்தில் பழைய வண்டி வாங்கி விற்கிறவன். உங்கள் கடைக்கு வந்த தரகர் நான் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் 16 லட்சத்திலிருந்து இறங்கிக் கணக்குப் போடுகிறீர்கள். வாங்க வருகிறவர் இன்றைய ஷோரூம் விலையிலிருந்துதான் இறங்குவார். 2024 செப்டம்பரில் புது நெக்ஸான் ஈ.வி.யின் ஆரம்ப விலையை 12.49 லட்சம் ஆக்கினார்கள். அதே மாதம் 45 கிலோவாட் மணி பேட்டரி போட்டது 13.99 லட்சத்தில் வந்தது, சான்றிதழ்படி ஒருமுறை முழுதாக ஏற்றினால் 489 கிலோமீட்டர். உங்களுடையதற்குச் சான்றிதழ் 312தான். நீங்கள் கொடுத்ததைவிடக் குறைந்த விலைக்கு ஒன்றரை மடங்கு பேட்டரியோடு புது வண்டி நிற்கும்போது நாலு வருஷ வண்டிக்கு 9, 10 யார் கொடுப்பார்? போதாததற்கு எம்.ஜி. விண்ட்சர் என்கிற மின்காரை 9.99 லட்சம், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.50 வாடகை என்று இறக்கினார்கள். அன்றைக்கு என் யார்டில் நின்ற மூன்று மின்வண்டிகளுக்கும் வந்த போன் நின்றுபோனது.

உங்கள் மைத்துனரும் ரொம்பச் சிரிக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22-லிருந்து சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் ஆகிவிட்டது. மின்வண்டிக்கு முன்பும் 5, இப்போதும் 5. புது பெட்ரோல் நெக்ஸான் விலை இறங்கியதால் அவருடைய பழைய வண்டியும் கூடவே இறங்கிவிட்டது. ஆகஸ்டில் விற்றிருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

இன்சூரன்ஸில் போட்டிருப்பது சந்தை விலை இல்லை. அது ஒரு அட்டவணை: நான்கு வருஷம் தாண்டி ஐந்துக்குள் இருந்தால் 50 சதவீதம் கழிவு. பெட்ரோல், டீசல், மின்சாரம் எல்லாவற்றுக்கும் ஒரே அட்டவணைதான். திருட்டுப் போனால் உதவும், விற்பதற்கு உதவாது.

தரகர் ஏன் 5.90 கேட்டார் என்றால், பயம். பெட்ரோல் என்ஜினைக் காதால் கேட்டே சொல்லிவிடுவோம். பேட்டரிக்குள் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது, அதனால் அந்தத் தெரியாததற்கும் சேர்த்துக் கழிக்கிறோம். இன்னொன்று, பதிவு பெற்ற வியாபாரி விற்கும்போது வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும். முன்பு 12 இருந்தது. நீங்கள் நேராக ஒரு ஆளுக்குக் கொடுத்தால் அந்த வரி கிடையாது. என் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு சொல்கிறேன், நேராக விற்றுப் பாருங்கள்.

மார்கழி பிறந்துவிட்டால் நம் பக்கம் யாரும் வண்டிக்கு முன்பணம் தர மாட்டார்கள். தையில் கேட்டால், ஜனவரி வந்துவிட்டது, ஒரு வயது கூடிவிட்டது என்பார்கள். கார்த்திகைக்குள் முடித்துவிடுங்கள்.

பாமணி டீச்சர், மன்னார்குடி:

அண்ணா, நான் பழைய மின்வண்டி வாங்குகிற பக்கத்து ஆள். உங்களைப் போன்ற ஒருவரிடமிருந்துதான் வாங்கினேன். 2023 டியாகோ ஈ.வி., 24 கிலோவாட் மணி, 28,000 ஓடியது, 5.80 லட்சம். பள்ளிக்கூடம் 24 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு ஐம்பதுக்கு மேல் ஓடாது. எனக்குச் சென்னை போகும் வண்டி தேவையில்லை, போக மன்னை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. உங்கள் வண்டியின் 190 உங்களுக்குக் குறை, எனக்கு மிச்சம். அப்படிப்பட்ட ஆளைத் தேடுங்கள்.

நான் வாங்கும்போது பட்டது: விற்றவர் தன் கைபேசிச் செயலியிலிருந்து வண்டியை விடுவிக்கவில்லை. வாங்கி மூன்று வாரம் கழித்து, “டீச்சர், இன்னைக்கு லீவா? வண்டி வீட்டிலேயே நிக்குது” என்று அவரே போன் பண்ணினார். நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டோம். ஆனாலும் மாற்றிக் கொடுத்துவிடுங்கள். ஃபாஸ்டேகையும் மூடிவிடுங்கள். வீட்டு சார்ஜர் ஒயர் டிக்கியில் இருக்கிறதா என்று பாருங்கள், எனக்கு அது இல்லாமல்தான் வந்தது.

பேட்டரியைப் பற்றி நீங்களே ஒரு தாள் காட்டினால் பயம் பாதி போய்விடும். நான் இயற்பியல் எடுக்கிறவள், இது பத்தாம் வகுப்புக் கணக்குதான். 100 சதவீதம் ஏற்றுங்கள். ட்ரிப் மீட்டரை பூஜ்யம் ஆக்குங்கள். 20 சதவீதம் பக்கம் வரும்வரை ஒரே நாளில் ஓட்டுங்கள். ஓடிய கிலோமீட்டரை, கிலோமீட்டருக்கு எத்தனை வாட் மணி என்று காட்டுகிற எண்ணோடு பெருக்கினால் செலவான மின்சாரம். அதை, எத்தனை சதவீதம் குறைந்ததோ அதால் வகுத்தால் இன்றைக்குப் பேட்டரி எவ்வளவு பிடிக்கிறது என்று தெரியும். மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள்.

உங்கள் பத்து லட்சக் கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. 61,000 கிலோமீட்டரைப் பெட்ரோலில் லிட்டருக்கு 14 என்று ஓட்டியிருந்தால் சுமார் 4,360 லிட்டர். 101 ரூபாய் வைத்தால் 4.40 லட்சம். உங்களுக்குச் சுமார் 9,000 யூனிட் ஆகியிருக்கும். யூனிட் 8 ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் 72,000. மூன்றரை லட்சத்துக்கு மேல் ஏற்கெனவே உங்கள் பையில் இருக்கிறது. முறுக்கைத் திருப்பி வாங்குங்கள்.

விலை இறங்கியதற்கு அடியில் இருப்பதும் பேட்டரி விலைதான். ப்ளூம்பெர்க் என்.இ.எஃப். என்கிற ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் 2022-ல் ஒரு கிலோவாட் மணிக்கு உலகச் சராசரி 151 டாலர், 2024-ல் 115. முதலில் வாங்கியவர்தான் அந்த இறக்கத்தைச் சுமக்கிறார். நான் இரண்டாவதாக வாங்கியதே அதனால்தான்.

உப்புக்காற்று, நாகை:

அண்ணே, நான் வண்டி எலக்ட்ரீசியன். ஒன்றே ஒன்று கேட்கிறேன், வண்டி எப்போதாவது தண்ணீரில் நின்றதா? நாலு வருஷத்தில் எத்தனை ஐப்பசி, கார்த்திகை போயிருக்கிறது. பேட்டரிப் பெட்டிக்கு ஐ.பி. 67 என்பது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்கிற கணக்கு. இரவு முழுக்க முற்றத்தில் தண்ணீரோடு நிற்பதற்கு இல்லை. வாங்க வருகிறவர் குனிந்து அடிப்பக்கம் பார்ப்பார். சேறு அப்பியிருந்தால் கழுவி வையுங்கள், கீறல் இருந்தால் மறைக்காதீர்கள். எங்கள் ஊர் வண்டி என்றால் கரையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்றுகூடக் கேட்பேன், துரு அப்படி. பாபநாசத்துக்கு அந்தக் கவலை இல்லை.

வெயிலுக்குப் பயப்படுகிறவர்கள் நிசான் லீஃப் கதையைச் சொல்வார்கள். 2012 வாக்கில் அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் அந்த வண்டிகளின் பேட்டரி சீக்கிரம் தேய்ந்தது. அதில் பேட்டரியைத் திரவத்தால் குளிர்விக்கும் ஏற்பாடு கிடையாது, உங்களுடையதில் உண்டு.

டீச்சரம்மா சொன்ன டெஸ்டுக்கு முன்னால் இரண்டு மூன்று முறை 100 வரை ஏற்றுங்கள். உங்களுடைய பேட்டரி எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை. அதில் நடுவில் வோல்டேஜ் அசையாது, சதவீதக் கணக்கு தடுமாறும். முழுதாக ஏற்றினால் நேராகும்.

இன்னொன்று, இந்தக் கேள்விக்குச் சம்பந்தம் இல்லை. போன வாரம் ஒருவர் பம்புசெட் கொட்டகையிலிருந்து காருக்கு லைன் இழுக்கச் சொன்னார். இலவச விவசாய இணைப்பில் கார் ஏற்றினால் அது மின்திருட்டு. இழுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு ஆளைப் பிடித்திருப்பார்.

குடமுருட்டிக்காரன், பாபநாசம்:

எல்லோருக்கும் நன்றி. சம்பா மேலுரத்துக்கு யூரியா கூட்டம் அலைமோதுகிறது, அதனால்தான் பத்து நாள் தாமதம்.

தண்ணீர் நின்றதில்லை தம்பி, வீடு மேட்டில் இருக்கிறது. மூன்று முறை நூறு ஏற்றிவிட்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். கும்பகோணம், மயிலாடுதுறை, பேரளம், பூந்தோட்டம், திருவாரூர், திரும்பவும் கும்பகோணம் வழியாக வீடு. ஒரு ரயில்வே கேட்டில் இருபது நிமிஷம் ஏ.சி. போட்டுக்கொண்டு நின்றேன், அதுவும் கணக்கில் சேர்ந்துவிட்டது. 158 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 142 வாட் மணி, வீட்டுக்கு வந்தபோது 18 சதவீதம். பெருக்கினால் 22.4 யூனிட். 82 சதவீதத்துக்கு அது என்றால் நூறுக்கு 27.4. புதிதில் 30.2. அதாவது 90 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். டீச்சரம்மா, சரியா?

சர்வீஸ் ரசீதுகளையும், 2029 ஜூலை வரை பேட்டரிக்கு வாரண்டி இருப்பதையும் (8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர்) இந்தக் கணக்கோடு ஒரே கவரில் போட்டுக் கடைக் கல்லாவில் வைத்தேன். உரம் வாங்க வந்த ஒருவர் பார்த்துவிட்டு மருமகனிடம் சொல்லியிருக்கிறார். வலங்கைமான்காரர், தினமும் கும்பகோணம் போய் வருகிறார், இப்போது பெட்ரோலுக்கே மாதம் ஒன்பதாயிரம் கொடுக்கிறாராம். வந்து ஓட்டிப் பார்த்தார். கவரை இரண்டு முறை படித்தார். 7.20 கேட்டார். நான் 7.50-ல் நிற்கிறேன்.

வீட்டில் வேறு கூத்து. வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்தியதும் அம்மையார் மனசு இளகிவிட்டது. “பிரசவம் வரைக்கும் வாடகை வண்டி பிடிச்சுப் போவோம், இதை ஏன் விக்கணும்?” என்கிறார். தார்ப்பாய் போட்ட சார்ஜர் முன்னால் தீர்ப்பு எழுதியவரும் இவர்தான்.

டி.என். 68, கும்பகோணம்:

7.35-ல் முடியும் சார், முடித்துவிடுங்கள். வங்கிக் கடனில் எடுத்த வண்டியா? ஆர்.சி.யில் வங்கிப் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். அது நீங்காமல் பெயர் மாறாது.

குடமுருட்டிக்காரன், பாபநாசம்:

கடன் மார்ச்சிலேயே முடிந்துவிட்டது, ஆனால் ஆர்.சி.யில் பெயர் அப்படியே இருக்கிறது. கடன் முடிந்தது என்று காட்டும் ஃபார்ம் 35-ல் சீல் போட மேலாளர் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். வலங்கைமான்காரர் சனிக்கிழமையே அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறாராம். சார்ஜர் ஒயரை எடுத்து டிக்கியில் வைத்துவிட்டேன் டீச்சரம்மா.