ஐபிஎஸ் (IBS, எரிச்சல் குடல் நோய்) வயிற்றுவலியும் புதிய மருந்துகளும்: உங்கள் அனுபவம் என்ன?

களுவாஞ்சிகுடி ஆசிரியை:
கொலனோஸ்கோப்பி வரை எல்லாம் செய்து, குடலில் ஒன்றுமில்லை என்று அனுப்பப்பட்டவர்களுக்கு இந்த வலியை நான் விளக்க வேண்டியதில்லை. வைத்திய நிபுணர் இரவில் போடுவதற்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதித் தந்தார். பார்மசியில் துண்டை வாங்கிய பையன், என் மாணவி ஒருத்தியின் தாய் பின்னால் நின்றுகொண்டிருக்க, "மனவருத்தக்காரருக்குக் குடுக்கிற குளிசைதானே மிஸ், உங்களுக்கா?" என்று உரக்கக் கேட்டான். வலி வெகுவாகக் குறைந்துவிட்டது. அந்தத் தாய் என்னைப் பார்த்த பார்வையைத்தான் மறக்க முடியவில்லை.

அக்கரைப்பற்றுச் சகோதரி:
எனக்குத் தயிரும் கோதுமை ரொட்டியும் ஆகாது. ஆனால் ஒவ்வாமைப் பரிசோதனையில் எதுவும் தெரியவில்லை. சாச்சியின் மகளுடைய கல்யாணத்தில் ஒரே சஹனில் (பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டில்) இருந்த மாமி, நான் தயிரைத் தள்ளி வைத்ததும், "இவளுக்கு எல்லாம் நடிப்பு" என்றார். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021 இல் வெளியிட்ட ஆய்வை அவருக்கு யார் சொல்வது? ஐபிஎஸ் உள்ள 12 பேரின் மலக்குடல் உட்சுவரில் பால், கோதுமை, சோயா போன்றவற்றை ஊசியால் செலுத்தியபோது, 12 பேருக்கும் ஏதாவது ஒன்றுக்கேனும் அந்த இடத்தில் வீக்கம் தோன்றியது. அங்கே வெளிப்படும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் வலி நரம்புகளைக் கூர்மையாக்குகிறது என்பதால், அதைத் தடுப்பதற்காகத் தும்மலுக்குக் கொடுக்கும் எபாஸ்டினையே இதற்கும் சோதித்திருக்கிறார்கள்.

வாழைச்சேனை அன்பர்:
என் கதை சிறியது. மலச்சிக்கலோடு வரும் ஐபிஎஸ்ஸுக்கு லினக்ளோடைட் குடிக்கத் தொடங்கிய நாளில், கொழும்பு பஸ்ஸை வெலிகந்தையில் நிறுத்தும்படி சாரதியிடம் கெஞ்சினேன். ஆயினும் வலி தணிந்தது உண்மை.

சகோதரி எபாஸ்டினைப் பற்றி அவசரப்படுகிறார். மலச்சிக்கல் இல்லாத 202 பேரிடம் 12 வாரங்கள் நடந்த சோதனையில், வலியும் பொதுநிலையும் சேர்ந்து தேறியவர்கள் எபாஸ்டின் குடித்தோரில் 12 சதவீதம், வெற்று மாத்திரை குடித்தோரில் 4 சதவீதம். வேறுபாடு உண்டு, ஆனால் பத்தில் ஒன்பது பேருக்கு அந்த அளவு பலன் இல்லை. ஆசிரியைக்கு நான் சொல்வது வேறு. இங்கிலாந்தில் 463 பேரிடம் நடந்து 2023 இல் வெளியான அட்லாண்டிஸ் சோதனையில், அமிட்ரிப்டிலின் 10 முதல் 30 மில்லிகிராம் வரை கொடுக்கப்பட்டது. ஐபிஎஸ் தேறியபோதும் பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றின் மதிப்பெண்கள் மாறவில்லை. ஆகவே இந்தச் சிறிய அளவில் அது மனத்துக்கான மருந்தாக வேலை செய்யவில்லை, குடலுக்கும் மூளைக்கும் இடையிலான வலிச் செய்தியையே தணிக்கிறது என்று கொள்ளலாம். மலத்தில் இரத்தம், காரணமில்லாத மெலிவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி ஆகியவை இருந்தால் எந்தக் குளிசையையும் தேடாமல் முதலில் வைத்தியரிடம் செல்லுங்கள். பெப்பர்மிண்ட் எண்ணெயைக் குளிசையாகவே விழுங்க வேண்டும். மென்றால் நெஞ்செரிவு வரும்.

அக்கரைப்பற்றுச் சகோதரி:
வாழைச்சேனை நானா, பத்தில் ஒருவராக நான் இருக்கக்கூடாதா? எபாஸ்டினை நானாக வாங்கிக் குடிக்கவில்லை. கிளினிக்கில் கேட்கப்போகிறேன் என்றுதான் இருக்கிறேன்.

களுவாஞ்சிகுடி ஆசிரியை:
அந்த மதிப்பெண் விடயம் எனக்குப் புதிது, நன்றி. மற்ற அறிவுரைகளை நான் கேட்கவில்லை. அளவை 20 ஆகக் கூட்டலாம் என்கிறார் வைத்தியர். ஆனால் 10 இலேயே வாய் உலர்ந்து, மூன்றாம் பாடவேளைக்குள் குரல் கம்முகிறது. கூட்டியவர்கள் யாராவது இருந்தால், உலர்வு பிறகு குறைந்ததா என்பதை மட்டும் எழுதுங்கள்.