ஏசியன் குங்ஃபூ ஜெனரேஷன்: எதுல இருந்து ஆரம்பிக்கலாம்?

ஜப்பான் ராக் கேக்குறவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க. ஏசியன் குங்ஃபூ ஜெனரேஷன் பாட்டுல, அனிமே (ஜப்பான் கார்ட்டூன்) தொடரான 'நருட்டோ'வுல வந்த 'ஹருகா கனட்டா', 'ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்'ல வந்த 'ரீரைட்', 'ப்ளீச்'ல வந்த 'ஆஃப்டர் டார்க்' மூணும் எனக்கு மனப்பாடம். 1996ல யோகோஹாமா பக்கம் காலேஜ் பசங்க ஆரம்பிச்ச பேண்ட். அனிமேதான் எனக்கு அறிமுகம், அதைத் தாண்டிப் போனதே இல்ல.

இப்ப ஒரு குழப்பம். இவங்களோட 'சோல்ஃபா' ஆல்பம் 2004ல வந்துச்சு. 2016ல அதையே மறுபடி முழுசா ரெக்கார்ட் பண்ணிப் போட்டிருக்காங்க. முதல்ல எதைக் கேக்கலாம்? அந்த ஆல்பத்துல இருக்குற 'ரீரைட்'ல பாடகர் கோட்டோ தொண்டை கிழியக் கத்துவாரே, அந்த வெறி புதுசுலயும் இருக்கா? எனக்கு அதுதான் முக்கியம், சவுண்ட் சுத்தமெல்லாம் அப்புறம்.

அனிமேல வராத பாட்டுல கட்டாயம் கேக்க வேண்டியது எது? ரெண்டு மூணு சொன்னா போதும். 'பெஸ்ட் ஆஃப்' லிஸ்ட் மட்டும் வேணாம் ப்ளீஸ்.