புதுப்பிப்பு: உயிரியல் படிக்கப் போன தங்கச்சி

மெடிசின் கிடைக்காமல் கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவான தங்கச்சியைப் பற்றி முன்பு எழுதி, "உயிரியல் படித்தால் டீச்சர் வேலை மட்டும்தானா?" என்று கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. சேர்ந்துவிட்டாள்.

கல்விக் கட்டணம் இல்லாதது வீட்டுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் தமிழில் உயர்தரப் பரீட்சை எழுதியவளுக்கு விரிவுரை எல்லாம் ஆங்கிலத்தில். இப்போதைக்கு அதுதான் தலைவலி, விலங்கியல் அல்ல! மூன்று வருடத்தில் பொதுப் பட்டத்தோடு வெளியே வரலாம். புள்ளி இருந்தால் நாலாவது வருடமும் இருந்து, ஆய்வும் செய்து சிறப்புப் பட்டம் எடு என்றுதான் நான் சொல்கிறேன். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அந்த ஆய்வு அனுபவம் கைகொடுக்கும்.

நீங்கள் சொன்ன வேலைகளில் அவள் மனம் நின்றது மட்டக்குளியில் இருக்கும் நாரா (NARA) என்ற அரச நீர்வள ஆராய்ச்சி நிறுவனத்தில். மீன்வளம், கடல் ஆராய்ச்சி எல்லாம் அங்கே நடக்கிறது. பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமும் பட்டியலில் உண்டு. அரச வேலைக்கு விளம்பரம் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதால், உணவுத் தரக் கட்டுப்பாடு, சூழல் தாக்க மதிப்பீடு பக்கமும் பார்க்கச் சொன்னேன். அம்மா மட்டும் இன்னும் பேங்க் எக்ஸாமை விடவில்லை.

சரி, அடுத்த கேள்வி: சிறப்புப் பட்டத்துக்கு மூலக்கூற்று உயிரியலா, விலங்கியலா? படித்தவர்கள் சொல்லுங்கள்.