பொருள்: 'ஸ்கைலைன்' – புதன்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

ம. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். லிலிபாண்ட் தெரிந்திருக்கும். 1996இல் ஹான்-வென் நியன்ஹைஸும் யான் நியூவன்ஹைசனும் நெதர்லாந்தில் தொடங்கிய இசைக்குறியீட்டு அச்சுக்கோப்பு மென்பொருள். நாற்குரல் பாட்டுகளை அதில் அச்சிடும் தேவாலயப் பாடகர் குழுக்களுக்கு ஒரு பட்டறை நடத்துகிறோம். 'ஓட்டத்தை வேகப்படுத்துவது எப்படி' என்ற பாடம் என் தலையில் விழுந்தது. 'ஷோலாஸ்ட்லெங்க்த்' என்ற கட்டளையில் ஐந்து பார் (தாளக்கட்டம்) என்று கொடுத்தால் கடைசி ஐந்து மட்டும் அச்சாகும், ஒரு சுரத்தைத் திருத்த முழுப் பாட்டுக்கும் காத்திருக்க வேண்டாம். இதற்கெல்லாம் கலைச்சொல்லே தேவைப்படவில்லை. ஸ்கைலைனில்தான் மாட்டிக்கொண்டேன்.

ஒரு வரியில் சுரத்தலை, தண்டு, வில், பாடல் எழுத்து என்று 200 உறுப்புகள், அடுத்த வரியிலும் 200 என்று வையுங்கள். இடிக்காமல் எவ்வளவு நெருக்கலாம் என்று ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டால் 40,000 ஒப்பீடு. அதற்குப் பதில் லிலிபாண்ட் மேல்வரியின் அடிப்புற வடிவத்தையும் கீழ்வரியின் மேற்புற வடிவத்தையும் எடுத்து, இடமிருந்து வலமாக ஒரே நடையில் பார்த்து முடித்துவிடுகிறது. அந்த வடிவம்தான் ஸ்கைலைன். நகரத்துக் கட்டடங்கள் வானில் காட்டும் வெளிவடிவம் என்பது ஆங்கிலத்தில் அதன் பொருள். 'வான்கோடு' என்று போட்டுவைத்திருக்கிறேன். சரிதானா?

பு. எழுதியது:

தம்பி, அதில் 'வான்' மிகை. கோடு என்றாலே மலையுச்சிதான். திருச்செங்கோடு வேறென்ன? யானைக்குக் கோடு தந்தம், மரத்துக்குக் கோடு கிளை, அதனால்தான் கோட்டுப்பூ. கோடுதல் வளைதல், வள்ளுவரின் 'கோடாமை' அதிலிருந்து வந்ததே. அப்படிப் பார்த்தால் நேர்கோடு என்பதே முரண்தொடர், அதைப் பிறகு பேசுவோம். கோடு + உரு = கோட்டுரு. நெடில்தொடர்க் குற்றியலுகரம், டகரம் இரட்டிற்று.

செ. எழுதியது:

ஐயா, கோட்டுருவைக் கணிதக்காரர்கள் கிராஃபுக்கு எடுத்துக்கொண்டு போய் நாளாயிற்று. கோட்டுருவியல் என்று ஒரு துறையே இருக்கிறது. வான்கோடும் ஆகாது. ஒவ்வொரு வரிக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே இருப்பதை 'அடி வான்கோடு' என்றால் படிப்பவர் அடிவானத்துக்குப் போய்விடுவார். இன்னொன்று: மூலநிரலில் ஸ்கைலைனின் ஒவ்வொரு துண்டுக்கும் 'பில்டிங்' என்றே பெயர். அதற்குத் தொடக்கம், முடிவு, உயரம், சாய்வு எல்லாம் உண்டு. சாய்ந்த கட்டடம்!

பு. எழுதியது:

கட்டடமா? மாடக்கோடு.

யா. எழுதியது:

யாழ்ப்பாணத்தில் மேலைச் சங்கீதம் படிப்பிக்கிறனான். ஐயா குறை நினைக்கக்கூடாது, மாடக்கோடு எண்டு சொன்னால் பிள்ளைகள் சிரிக்கும். தாள் முழுக்க ஏற்கெனவே ஐந்தைந்து கோடு கிடக்குது, அதுக்குள்ள இன்னொரு கோடா? 'விளிம்பு' எண்டு சொன்னால் உடனே விளங்கும். இல்லையெண்டால் ஸ்கைலைன் எண்டே விடுங்கோ. எழுதின டச்சுக்காரரே தங்கட பாஷையை விட்டிட்டு ஆங்கிலச் சொல்லைத்தானே எடுத்தவை?

பு. எழுதியது:

தனிமெய்யில் சொல் தொடங்குவதா? தொல்காப்பியரை எந்த முகத்தோடு பார்ப்பது? டச்சுக்காரருக்கு அந்தக் கவலை இல்லை. தூய தமிழ் கேட்பது குற்றமென்றால் நான் குற்றவாளி.

ம. எழுதியது:

தூய என்றதும் நினைவு வந்தது. இதே பாடத்தில் 'ப்யூர் ஹைட்' வருகிறது. வரி எங்கே உடையும் என்று முடிவாவதற்கு முன்பே கணித்துக்கொள்ளும் உயரம். 'தூய உயரம்' என்று எழுதியிருந்தேன். நண்பர் ஒருவர் படித்துவிட்டு, மற்ற உயரமெல்லாம் அழுக்கா என்று கேட்டார்.

யா. எழுதியது:

உத்தேச உயரம்.

பு. எழுதியது:

உத்தேசம் வடசொல்.

செ. எழுதியது:

மதிப்பீட்டு உயரம். இதோடு விடுங்கள், அடுத்த இழையில் சண்டை போடலாம். விளிம்புக்கு வருகிறேன். தாளின் மார்ஜினை இந்தப் பாடத்திலேயே 'மேல்விளிம்பு, கீழ்விளிம்பு' என்றுதான் ம. எழுதியிருக்கிறார். ஸ்கைலைனும் மேல்விளிம்பு என்றால் எது எது?

ம. எழுதியது:

உண்மைதான், கவனிக்கவில்லை. 'விளிம்புரு' என்றால்? யா. அக்காவின் விளிம்பும் இருக்கிறது, ஐயாவின் உருவும் இருக்கிறது. மேல் விளிம்புரு, கீழ் விளிம்புரு. மார்ஜினோடு குழம்பாது. இன்று செவ்வாய்.

யா. எழுதியது:

ஓம், சரி.

பு. எழுதியது:

மென்தொடர்க் குற்றியலுகரம் கெட்டு உகரம் ஏறியது, புணர்ச்சியில் பிழையில்லை. ஆனாலும் மாடக்கோட்டைப் பின்னிணைப்பிலாவது போடவும்.

செ. எழுதியது:

எனக்கு ஒப்பவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். உறுப்பு எதுவும் இல்லாத இடத்தில் ஸ்கைலைனின் உயரம் சுழி அல்ல, எதிர் முடிவிலி. அங்கே எதுவும் இடிக்காது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். விளிம்பு என்றால் பொருள் முடியும் இடம். முடிவிலிக்கு ஏது விளிம்பு?

பு. எழுதியது:

அதனால்தான் கோடு என்றேன். இரண்டு கோட்டுக்கு நடுவே பள்ளத்தாக்கு இயல்பு.

ம. எழுதியது:

செ., நீங்கள் சொல்வது சரி. ஆனால் தாள் நேற்றிரவே அச்சுக்குப் போய்விட்டது. விளிம்புரு என்றுதான் இருக்கிறது, நான்காம் பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் வான்கோடு தப்பித்து நிற்கிறது.