நாயாக ஆசைப்பட்ட சிறுவன்: சின்ன வயதில் படித்த புத்தகத்தின் பெயர் தெரிய வேண்டும்

நெல்லை வாசகி:
வணக்கம். 1980களில் எங்கள் வீட்டில் இருந்த ஒரு சிறுவர் கதைப் புத்தகத்தைத் தேடுகிறேன். பெயரும் தெரியாது, எழுதியவரும் தெரியாது. அட்டை அப்போதே கிழிந்து போயிருந்தது.

ஒரு பையன், பெரியவனானதும் என்ன வேலைக்குப் போகலாம் என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பான். ராத்திரிக் காவல்காரன் என்பான், ஐஸ்கிரீம் விற்பேன் என்பான். கடைசியில் நாயாகப் போகிறேன் என்று நாலு காலில் ஓடிக் குரைப்பான், காலால் காதைச் சொறியப் பழகுவான். இன்னொரு கதையில் தன் அழகான பந்தைக் காருக்கு அடியில் எறிந்துவிடுவான். புத்தகத்தின் ஆரம்பத்தில் ஒரு சின்னப் பெண்ணுக்குக் காதுவலி என்று வரும். அவளுக்கும் இந்தப் பையனுக்கும் என்ன சம்பந்தம் என்பது மறந்துவிட்டது.

அப்பாதான் எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். இப்போது அவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. அதே புத்தகத்தை நான் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். யாராவது உதவுங்கள்.

பழைய காகிதம்:
அக்கா, பையனுடைய பெயர் தமிழ்ப் பெயரா, வெளிநாட்டுப் பெயரா? அது தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். கடைசிப் பக்கத்தில் ஏதாவது முகவரி இருந்ததா? அப்போது சோவியத் யூனியனில் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய புத்தகங்களில், மாஸ்கோ, 17, ஜூபவ்ஸ்கி புல்வார் என்று போட்டு, வாசகர்கள் கருத்து எழுத வேண்டும் என்று கேட்டிருப்பார்களே?

நெல்லை வாசகி:
மாஸ்கோ முகவரி இருந்தது தம்பி! அப்பா அந்த முகவரிக்கு ஒரு கடிதம் எழுதியதுகூட இப்போது ஞாபகம் வருகிறது. ஆனால் பையனின் பெயர் நினைவில் இல்லை. கதை முழுக்க அவனை ‘அப்பா’ என்றே சொல்வதாக ஒரு நினைவு. எங்கள் அப்பா வாசித்ததால் நான்தான் போட்டுக் குழப்பிக்கொள்கிறேனோ என்று அதை முதலில் எழுதவில்லை.

ரயிலடி:
சோவியத் புத்தகம் என்றால் ‘சுக்கும் கெக்கும்’ ஆக இருக்குமோ? அர்க்காதி கைதார் எழுதியது. எங்கள் ஊருக்கு வந்த நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கண்காட்சியில் வாங்கினோம். அண்ணனும் தம்பியும் அம்மாவோடு ரயிலில் அப்பாவைப் பார்க்கப் போவார்கள். தந்தி ஒன்று தொலைந்து போகும்.

நெல்லை வாசகி:
இல்லைங்க, அது வேறு. தந்தி தொலைகிற கதையை நானும் படித்திருக்கிறேன். இதில் ஒரே பையன்தான், அதுவும் தனித்தனிக் குட்டிக் கதைகள்.

வாசிப்பு டீச்சர்:
அம்மா, நீங்கள் குழப்பிக்கொள்ளவில்லை. அந்தப் பையன் அப்பாவேதான்! புத்தகம் ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’. எழுதியவர் அலெக்சாந்தர் ரஸ்கின், தமிழில் நா. முகம்மது செரீபு.

காதுவலிக்காரி ரஸ்கினின் மகள் சாஷா. சின்ன வயதில் அவளுக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும். அப்படிப் படுத்திருக்கும்போது, ‘நீங்கள் சின்னப் பையனாக இருந்தபோது நடந்ததைச் சொல்லுங்கள்’ என்று அப்பாவைக் கேட்பாள். அப்படிச் சொன்ன கதைகள்தான் புத்தகமாயின என்று முன்னுரையில் எழுதியிருப்பார். ரஷ்ய மொழியில் 1961இல் வந்தது.

நாய்க் கதையின் முடிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அங்கே வரும் ராணுவ அதிகாரி, மனிதனாக ஆசையில்லையா என்று கேட்பார். ‘நான் ரொம்ப நாளாக மனிதன்தானே’ என்பான் பையன். ‘நாயாகக்கூட முடியாத நீ என்ன மனிதன்’ என்று திருப்பிக் கேட்பார். வகுப்பில் இதை வாசித்தால் பிள்ளைகள் சிரித்துவிட்டு, அப்புறம் கொஞ்ச நேரம் யோசிப்பார்கள். பேராசிரியரைக் கடிக்கிற கதையும் இதில்தான் இருக்கிறது. உங்களுக்கு ஞாபகம் வருகிறதா?

நெல்லை வாசகி:
டீச்சர், இதேதான்! பேராசிரியரைக் கடிக்கிற கதை என்றதும் எல்லாம் வந்துவிட்டது. ரொட்டியை வீசியதற்கு ஆயா வருத்தப்படுவதும் இதில்தானே? அப்பாவிடம் பெயரைச் சொன்னேன். ‘செரீபு மொழிபெயர்ப்பு’ என்று அவரே சொன்னார். இத்தனை நாள் அவரிடமே கேட்காமல் இருந்திருக்கிறேன். சரி, இப்போது எங்கே கிடைக்கும்?

வாசிப்பு டீச்சர்:
ஆமாம், ரொட்டிக் கதையும் இதில்தான். தமிழ்நாட்டிலேயே மறுபதிப்பு வந்திருக்கிறது. அதனால் முதலில் பெரிய புத்தகக் கடைகளில் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இருப்பு தீர்ந்திருந்தால் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வரும்வரை பொறுங்கள்.

பழைய காகிதம்:
பழைய மாஸ்கோ பதிப்புதான் வேண்டும் என்றால் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும் அக்கா. 1991இல் சோவியத் யூனியன் கலைந்த பிறகு அங்கிருந்து தமிழ்ப் புத்தகம் வருவது நின்றுவிட்டது. பழைய புத்தகக் கடைகளில் எப்போதாவது கண்ணில் படும். இணையத்தில் தேடும்போது ரஸ்கின், ராஸ்கின், அலெக்ஸாண்டர், அலெக்சாந்தர் என்று எழுத்தை மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஆளாளுக்கு ஒரு விதமாக எழுதி வைத்திருப்பதால் ஒரு எழுத்துக்கு வராதது இன்னொன்றுக்கு வரும். இன்டர்நெட் ஆர்க்கைவில் சோவியத் கால நூல்கள் நிறைய ஏற்றியிருக்கிறார்கள், அங்கேயும் தேடுங்கள். அப்பாவுக்கு வாசிக்கத்தானே, ஸ்கேன் கிடைத்தாலும் போதும். திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

நெல்லை வாசகி:
நன்றி தம்பி, நன்றி டீச்சர். முதலில் மறுபதிப்பை வாங்கிவிடுகிறேன். பழைய பதிப்பு யார் கண்ணிலாவது பட்டால் இங்கே ஒரு வரி எழுதுங்கள், அட்டை இல்லாவிட்டாலும் வாங்கிக்கொள்கிறேன்.