உள்ளூர் செஸ் போட்டியில் எனக்கு எதிரே உட்கார்ந்தவர்: உங்கள் அனுபவம் என்ன?

திருநெல்வேலியிலிருந்து:

போன மாதம் இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரு நாள் ரேபிட் (குறைந்த நேரத்தில் வேகமாக ஆடும்) செஸ் போட்டி நடந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு போன நானும் பெயர் கொடுத்துவிட்டேன். வயது 43, ரேட்டிங் (ஆட்ட பலத்தைக் காட்டும் எண்) கிடையாது. முதல் ரவுண்டில் நல்ல ரேட்டிங் உள்ள ஒரு கல்லூரி மாணவரிடம் 20 நகர்த்தலுக்குள் தோற்றேன். ஸ்விஸ் முறையில் அப்படித்தான் அமையும். ரேட்டிங் வரிசையை நடுவில் பிரித்து, மேல் பாதியின் முதல் ஆளைக் கீழ்ப் பாதியின் முதல் ஆளோடு உட்கார வைப்பார்கள். ஆனால் தோற்றவரை வெளியேற்ற மாட்டார்கள். அடுத்த ரவுண்டிலிருந்து கிட்டத்தட்ட அதே புள்ளி உள்ளவர்தான் எதிரே வருவார். இது தெரியாமல் அன்று மூன்று பேர் முதல் தோல்வியோடு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பார்க்கவே வருத்தமாக இருந்தது.

நான்காவது ரவுண்டைப் பற்றி எழுதத்தான் வந்தேன். எதிரே வந்தவர் பார்வையற்றவர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். என் முன்னால் வழக்கமான போர்டு. அவர் முன்னால் அவரே கொண்டுவந்த மரப்பலகை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துளை, காயின் அடியில் இருக்கும் முளை அதில் இறங்கி நிற்கும். கறுப்புக் கட்டங்கள் கொஞ்சம் மேடாக இருந்தன. கறுப்புக் காய்களின் தலையில் சின்ன ஊசி முனை.

"தம்பி, நகர்த்தினதும் வாய்விட்டுச் சொல்லுங்க. நான் திருப்பிச் சொல்லிட்டு என் போர்டுல வைப்பேன்" என்றார். போர்டின் நெடுவரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்துதான் பெயர். பி, சி, டி, ஈ, ஜி எல்லாம் கூட்டத்தின் சத்தத்தில் ஒன்றுபோலவே கேட்கும். அதனால் எட்டு நெடுவரிசைக்கும் ஆள் பெயர் வைத்திருக்கிறார்கள்: அன்னா, பெல்லா, சீசர், டேவிட், ஈவா, ஃபெலிக்ஸ், குஸ்தாவ், ஹெக்டர். "குதிரை, ஃபெலிக்ஸ் மூன்று" என்று சொல்லப் பழக எனக்கு ஏழெட்டு நகர்த்தல் பிடித்தது.

என் முறை நடக்கும்போது அவர் விரல்கள் பலகை முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். தொட்டால் ஆட வேண்டும் என்ற விதி இவருக்கு எப்படி என்று நடுவரைக் கேட்டேன். துளையிலிருந்து காயை வெளியே எடுத்தால்தான் தொட்டதாகக் கணக்கு என்றார்.

யானையும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய ஆட்டத்தில் தோற்றேன். முடிந்ததும் அவர் எழுந்திருக்கவில்லை. முதல் நகர்த்தலிலிருந்து எல்லாவற்றையும் நினைவிலிருந்தே திரும்ப அடுக்கினார். ஓரிடத்தில் என் கையை நிறுத்தி, "இங்க யானையை உங்க சிப்பாய்க்குப் பின்னால கொண்டு போயிருக்கணும். முன்னால நின்னா அதுவே சிப்பாய்க்கு வழியை அடைக்குது" என்றார். இத்தனை வருடமாக மொபைலில் ஆடி எனக்குப் புரியாதது அந்தப் பத்து நிமிடத்தில் புரிந்தது.

ஈரோட்டிலிருந்து:

எனக்கு வாய்த்தது ஒன்பது வயதுப் பையன். கால் தரையில் எட்டவில்லை. நேரம் குறைந்து போன பதற்றத்தில் என் ராஜாவுக்குச் செக் இருப்பதைக் கவனிக்காமல் குதிரையை நகர்த்திவிட்டேன். நகர்த்தி முடித்ததும் அமுக்க வேண்டிய கிளாக் பக்கம் கை போகும்போது, "அமுக்காதீங்க அங்கிள், செக் இருக்கு!" என்றான். அமுக்கியிருந்தால் தவறான நகர்த்தலாகி, அவனுக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கிடைத்திருக்கும். அது அவனுக்குத் தெரியாமலில்லை. முந்தைய ரவுண்டில் அவனே நடுவரை அழைத்து அந்த இரண்டு நிமிடத்தை வாங்கியவன். ஏன் சொன்னாய் என்று பிறகு கேட்டேன். "நல்ல பொசிஷன் அங்கிள், ஆடிப் பாக்கணும்னு தோணுச்சு" என்றான். டிராவில் முடிந்தது. வெளியே காத்திருந்த அவன் அம்மாவிடம் போய் இதைச் சொன்னேன். அவர் அழுதுவிட்டார்.

சென்னையிலிருந்து:

ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கா சாலையில், சோவியத் கலாச்சார மையத்தில் இயங்கிய, முன்னாள் உலகச் சாம்பியன் மிகைல் தால் பெயரிலான தால் செஸ் கிளப்புக்கு 80களில் போய்க்கொண்டிருந்தேன். 1972இல் மானுவல் ஆரோன் தொடங்கி வைத்தது. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் (கிராண்ட்மாஸ்டருக்கு அடுத்த பட்டம்) அவர். ஆனந்த் சிறுவனாக ஆடிப் பழகிய இடமும் அதுதான். அங்கே எனக்கு மறக்க முடியாதவர் பிரபலமான யாரும் இல்லை. அலுவலகம் முடிந்து நேராக வரும் ஒரு பெரியவர். தன்னைவிடப் பலவீனமாக ஆடுபவரைத் தேடிப் போய் உட்காருவார். அவரிடம்தான் ஆட்டத்தை எழுதி வைக்கப் பழகினேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

திருநெல்வேலியிலிருந்து மறுபடியும்:

ஒரு சேதி சொல்ல விட்டுப்போனது. எங்கள் கிளப்பில் அப்படி ஒரு பலகை கிடையாது. பக்கத்துத் தெருத் தச்சரிடம் கேட்டேன். 64 துளை போட்டு, மாற்றுக் கட்டங்களில் மெல்லிய பிளைவுட் ஒட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். காய்களின் அடியில் முளை வைப்பதுதான் இழுக்கிறது. முடிந்ததும் நான்காவது ரவுண்டில் என்னோடு ஆடியவரிடம் எடுத்துப் போய் விரலால் தடவிப் பார்க்கச் சொல்லவேண்டும்.